பைக்கிலிருந்து விழாதவர்

"உன் புருஷனுக்குப் போன கண்ணு போனதுதான். அதுக்காவ என் புள்ளைக்கு வரப்போற பொண்ணும் போவணுமா?"

"மெதுவாப் பேசும்மா. அவுரு குளிச்சிக்கிட்டிருக்காரு."

"கேக்கட்டுமே. எனக்கென்னா பயம்?"

தெருக்கோடி வீட்டிலிருந்து வந்திருந்த விருத்தாம்பாள் ரொட்டியை டீயில் முக்கி, ஊறிய பாதியை உறிஞ்சிவிட்டு மீதிப் பாதியை மகள் அருள்மொழியின் முகத்துக்கு நேராக ஆட்டினாள். மஞ்சக்குப்பத்தில் அந்தத் தெருவில் ஏழு மணிக்கு முன்னால் எழுந்த அத்தனை பேருக்கும் அவள் சொன்னது கேட்டது. எதிர்வீட்டுத் தங்கம்மாள் கோலமாவுக் கிண்ணத்தோடு வாசலில் குந்தியவள், வைத்த புள்ளியின் மேலேயே புள்ளி வைத்துக்கொண்டு எழுந்திருக்கும் எண்ணமே இல்லாமல் இருந்தாள்.

"ஆவணி பத்தொம்போது கல்யாணம். பத்திரிகை அடிச்சாச்சு. இருபத்திரெண்டு நாளுதான் கெடக்குது. இப்ப போயி கோர்ட்டுல ஏறி, நான் பார்ல குந்தியிருந்தேன்னு அவன் சொல்லணுமா? வடலூர்க்காரவுங்க காதுல வுழுந்தா தாம்பாளத்தத் திருப்பி அனுப்பிடுவாங்க."

"சாட்சி சொல்றேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தவன் அவன்தான். யாரும் கையப் புடிச்சி எழுதல. ஆஸ்பத்திரில நான் பொய் சொன்னேன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். அவ்ளோதான்."

விருத்தாம்பாள் டம்ளரைக் கீழே வைத்தாள். அதுவரை தெருவுக்குப் பேசியவள் இப்போது மகளுக்கு மட்டும் பேசினாள்.

"ஏண்டி, அவனா சொன்னான் அந்தப் பொய்ய?"

குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் அந்த நேரம் பார்த்து நின்றது. அருள்மொழி குளியலறைக் கதவைப் பார்த்தாள். மறுபடி ஒரு சொம்புத் தண்ணீர் விழுந்த பிறகுதான் திரும்பினாள்.

"போன்ல யாரு என்னா சொன்னாங்கன்னு எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும், உன் தம்பிக்கும் தெரியும்," என்றாள் விருத்தாம்பாள். "அவருக்கு மட்டுந்தான் தெரியாது. பாத்து நடந்துக்க."

பெற்ற தாய் மிரட்டிவிட்டு அடுத்த ரொட்டியை எடுத்தாள். உறிஞ்சும் அந்தச் சத்தத்தை அருள்மொழி நாற்பத்தோரு வருஷமாகக் கேட்கிறாள். இன்றைக்குத்தான் சகிக்கவில்லை.

நடுவில் ஓரிரு வாரம் விட்டவர்களுக்காகச் சொல்லவேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

வைத்திலிங்கம் குடிக்காதவர். கடலூர் - சிதம்பரம் ரூட்டில் காசிம் பாயின் பஸ்ஸை இருபத்திரண்டு வருஷம் ஓட்டியவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாசி மாதத்துச் சாயங்காலம், சிதம்பரத்தில் வண்டியைப் போட்டுவிட்டு இறங்கியவருக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. "தம்பி சிநேகிதப் பசங்களோட அங்கதான் வந்திருக்கான். போன எடுக்க மாட்டேங்கறான். கொஞ்சம் பாத்துக் கூட்டியாங்களேன்," என்றாள் அருள்மொழி. அவளுடைய தம்பி ராஜ்கமலுக்கு ஆறே நாளில் நிச்சயதார்த்தம். பெண் வடலூர். பெயர் இசைவாணி. அவள் படிப்பு முடிந்த பிறகுதான் கல்யாணம் என்று பேச்சு. அந்த வீட்டில் மூன்று தலைமுறையாக வள்ளலார் வழி. முட்டையையும் உயிர்க்கணக்கில் சேர்க்கிறவர்கள். பெண் கேட்கப் போன அன்று விருத்தாம்பாள், "எங்க ராஜ்கமலுக்கு முட்டை வாசனையே ஆவாது," என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தாள்.

முட்டை வாசனை ஆகாத பிள்ளை அப்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் சடையப்பன் ஏலம் எடுத்து நடத்தும் பாரில் ஆம்லெட் தட்டைத் தூக்கிப் பிடித்து, அதில் கிடப்பது கறிவேப்பிலையா கரப்பான் காலா என்று மாஸ்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். மாஸ்டர் கல்லில் இருந்த தோசைத்திருப்பியோடு வந்தார். அந்த நேரத்தில்தான் வைத்திலிங்கம் உள்ளே போய் மைத்துனனின் தோளைப் பிடித்தார். ராஜ்கமல் குனிந்துகொண்டான். அடி குனியாதவர் கண்ணில் விழுந்தது. மேஜையும் சாய்ந்து, அதன்மேல் இருந்ததெல்லாம் அவர் சட்டையில் கொட்டியது.

ஆட்டோவிலிருந்து தம்பி அழுதுகொண்டு போன் செய்தபோது அருள்மொழி யோசித்தது நாலு நொடிகூட இருக்காது. "பார்னு வாயத் தொறக்காத. பைக்லேருந்து வுழுந்துட்டாருன்னு சொல்லு."

அவனும் சொன்னான். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் அப்படியே ஏறியது. சட்டை நனைந்திருந்ததால் 'மது வாடை' என்ற இரண்டு சொல்லையும் சேர்த்துக்கொண்டார்கள். கண் போனது. கட்டுப் பிரிப்பதற்கு முன்னால் வேலையும் போனது. காசிம் பாய் எதைப் பொறுத்தாலும் குடித்த டிரைவரைப் பொறுக்கமாட்டார். தேங்காய் வாங்கப் போனால்கூட, குடித்துவிட்டு பைக்கிலிருந்து விழுந்த வைத்திலிங்கமா என்றுதான் ஊரில் அடையாளம் சொன்னார்கள்.

அந்தப் பேரைத் துடைக்கத்தான் அவர் சடையப்பன் மேலும் மாஸ்டர் மேலும் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். தான் குடிக்காதவன் என்று நிரூபிக்க, பாரில்தான் இருந்தேன் என்று நிரூபிக்க வேண்டிய தலையெழுத்து கடலூர் ஜில்லாவில் வேறு எந்த ஆண்பிள்ளைக்கும் வாய்த்திருக்காது. பெண்வீட்டாரிடம் இதை பைக் இன்சூரன்ஸ் கேஸ் என்று சொல்லி வைத்திருந்தார்கள். பொய் சொன்னது ராஜ்கமல் என்றுதான் வைத்திலிங்கம் இன்றுவரை நம்புகிறார். அருள்மொழி அந்த நம்பிக்கையைத் தொடவில்லை.

அவர் குளித்துவிட்டு வந்து கூடத்தில் உட்கார்ந்தார். செயற்கைக் கண்ணை அருள்மொழி மருந்துத் தண்ணீரில் அலசி எடுத்து, இமையைத் தூக்கி உள்ளே பொருத்தினாள். விருத்தாம்பாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். அருள்மொழிக்கு அந்தக் காரியத்தில் அருவருப்பே வந்தது கிடையாது. சோறு பிசைகிற மாதிரி செய்வாள்.

"அத்தை என்னா காலையிலயே?" என்றார் வைத்திலிங்கம்.

"ஒண்ணுமில்ல மாப்ள. கல்யாண வேல. பத்திரிகை வெக்க ஆளு பத்தல."

"இன்னைக்கு ஒரு நாளு முடியட்டும். நாளையிலேருந்து நானும் வர்றேன்."

விருத்தாம்பாள் டம்ளரைக் கவிழ்த்துவிட்டு எழுந்தாள்.

* * *

எட்டேகால் பஸ்ஸில் கண்டக்டர் பழைய டிரைவரிடம் டிக்கெட்டுக்குக் காசு வாங்க மறுத்தான். வைத்திலிங்கம் காசை அவன் பையிலேயே போட்டார். டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தவருடைய வலது கால், ஆலப்பாக்கம் வரைக்கும் ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை மிதிப்பதுபோல் தானாக அழுந்திக்கொண்டு வந்தது.

"உன் தம்பி வருவானா?"

"வர்றேன்னான்."

"வந்து நெசத்தச் சொல்லிட்டான்னா போதும் அருளு. ரெண்டு வருசமா அவன நான் திட்டாத நாளு இல்ல. சொல்லிட்டான்னா அத்தோட வுட்டுடுவேன். பந்தி நானே முன்ன நின்னு பாக்கறேன்."

அருள்மொழி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஆடிக் காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ள அதுவும் ஒரு சௌகரியமாக இருந்தது.

சிதம்பரம் கோர்ட்டில் வழக்கைப் பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள். வைத்திலிங்கத்தின் சாட்சி போன மாதமே முடிந்திருந்தது. இன்றைக்கு ராஜ்கமல். டவாலி மூன்று தடவை அவன் பெயரைக் கூவினார். வராந்தாவில் ஒரு நாய்தான் எழுந்து பார்த்தது.

வக்கீல் ஸ்ரீதர் கண்ணாடியைக் கழற்றி கவுன் நுனியால் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் சங்கதி சரியில்லை என்று அர்த்தம்.

"மதியத்துக்குத் தள்ளி வெச்சிருக்கேன். அதுக்குள்ள வரலன்னா நம்ம பக்கம் சாட்சி முடிஞ்சிதுன்னு எழுதிடுவாங்க. அப்புறம் ஆஸ்பத்திரிப் பதிவேடுதான் பேசும். அது என்னா பேசும்னு உங்களுக்கே தெரியும்."

"குடிச்சிட்டு வுழுந்தேன்னு பேசும்," என்றார் வைத்திலிங்கம்.

"அத்தோட இல்ல. நாளைக்கு யாரு கேட்டாலும் கோர்ட்டே சொல்லிடுச்சும்பாங்க."

அருள்மொழி தம்பிக்குப் போன் செய்தாள். ஏழாவது தடவை எடுத்தான்.

"அக்கா, வண்டி பஞ்சர். பொவனகிரிகிட்ட நிக்கறேன். பத்து நிமிசத்துல..."

அவன் பேசுவதற்குப் பின்னால் இரும்புக் கல்லில் கரண்டி தட்டும் சத்தம் கேட்டது. யாரோ, "சடையப்பண்ணே, சோடா எத்தினி?" என்று கேட்டார்கள். புவனகிரிச் சாலையோரத்தில் சடையப்பனும் சோடாவும் எப்படி முளைத்தார்கள் என்று அவள் கேட்கவில்லை. போனை அணைத்துவிட்டு, சாப்பாடு வாங்கி வருகிறேன் என்று கணவனிடம் சொல்லிவிட்டு நடந்தாள்.

* * *

பகல் பன்னிரண்டே முக்காலுக்கு ஒரு பொம்பளை பாருக்குள் நுழைந்ததைச் சிதம்பரம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. நுழைந்தவளுக்கு அந்த ஊர்ப் பேச்செல்லாம் அப்போது நினைவில் இல்லை. மூக்குதான் நினைவில் இருந்தது.

தகரக் கூரைக்குக் கீழே, கடை திறந்து ஒரு மணி நேரத்துக்குள், தரை முழுக்க நசநசவென்று ஈரம். மிதித்த இடத்தில் செருப்பு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்தது. கை கழுவும் தொட்டியில் யாரோ கக்கிய சேமியா அப்படியே நின்றது. அதன் ஓரத்திலேயே ஒருவன் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தான். எலுமிச்சைத் தோல், கோழிக் கால், நசுங்கிய பிளாஸ்டிக் கப், எல்லாவற்றின் மேலும் ஈ. அவளைப் பார்த்ததும் ஒருவர் மடித்துக் கட்டிய கைலியை மரியாதையாக இறக்கிவிட்டார். மூலையில் ஒருவன், பள்ளிக்கூடத்தில் டீச்சர் வந்தமாதிரி எழுந்தே நின்றான்.

கடைசி மேஜையில் ராஜ்கமல். எதிரில் சடையப்பன், சந்தனப் பொட்டும் மல்லு வேட்டியுமாக, அந்த இடத்துக்கே சம்பந்தமில்லாத சுத்தத்தோடு. அருள்மொழிக்குப் பொட்டையும் வேட்டியையும் பார்த்ததில் குமட்டல் இன்னும் அதிகமானது.

தம்பியின் முன்னால் தட்டு. தட்டில் ஆம்லெட். பாதி தின்றிருந்தான். மிளகுத்தூள் உதட்டில் ஒட்டியிருந்தது.

"வா தங்கச்சி, குந்து," என்று சடையப்பன் துண்டால் ஸ்டூலைத் துடைத்தார். "நானே வீட்டுக்கு வந்து பேசலாம்னுதான் இருந்தேன். கோர்ட்டு, கேஸுன்னு எத்தினி வருசத்துக்கு அலையறது? கல்யாணம் நம்ம மண்டபத்துலதானே வெச்சிருக்கீங்க. வாடகைன்னு பேசாதீங்க. சமையல், லைட்டு, நாயனம் எல்லாம் என் பொறுப்பு. தம்பிகிட்ட சொல்லிட்டேன்."

ஆமாம், விருத்தாம்பாள் பேசி முடித்திருந்த அந்த மண்டபமும் அவருடையதுதான். குடித்துக் கெடுப்பதற்கு ஒரு கட்டடம், கூடி வாழ்த்துவதற்கு இன்னொரு கட்டடம். இரண்டுக்கும் ஒரே ஜெனரேட்டர்.

"மச்சானுக்கும் ஒரு வழி பண்ணிடலாம்," என்று அவர் தொடர்ந்தார். "இங்கியே வாசல்ல குந்தி வண்டிக்கு டோக்கன் போடட்டும். அதுக்கு ஒரு கண்ணு போதும்."

அவர் இளக்காரமாகச் சொல்லவில்லை. உதவி செய்கிற திருப்தியோடு சொன்னார். அதுதான் கேட்கச் சகிக்கவில்லை.

"ராஜ்கமலு. எழுந்து வா."

"அக்கா, உனக்குப் புரியல. நான் கூண்டுல ஏறினா இசைவாணி இல்ல. அவுங்க அப்பா கோர்ட்டு பேப்பரெல்லாம் வாங்கிப் படிக்கற ஆளு."

"அவுரு பேரு கெட்டுப்போச்சேடா."

"கெட்டது கெட்டுப்போச்சி. ரெண்டு வருசமா பழகிட்டாரில்ல? இப்ப என்னுதையும் கெடுக்கணுமா? அன்னிக்கு நான் பார்னுதான் சொல்லப் போனேன். நீதான் வேணாம்ன." சொல்லிக்கொண்டே அவன் மீதி ஆம்லெட்டை மடித்து வாயில் போட்டு மென்றான்.

எந்தக் கல்லில் சுட்டது, எந்தக் கரண்டி புரட்டியது என்ற நினைப்பு அந்தத் தாடையில் ஒரு கடுகளவும் இல்லை. அக்கா புருஷனின் கண்ணைத் தோண்டிய திருப்பியாலேயே புரட்டிப் போட்டதை அவன் ருசித்துத் தின்றான். அருள்மொழி கல் பக்கம் திரும்பினாள். மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

"நீதானா?"

"வேணும்னு பண்ணலக்கா," என்றார் அவர் பணிவாக. "தம்பிக்குத்தான் ஓங்கினேன். ஆளு மாறிப் பட்டுடுச்சி. மனசுல ஒண்ணும் வெச்சிக்காதீங்க. உங்களுக்கு ஏதாச்சும் போடட்டுங்களா? வெங்காயம் போட்டு, காரமில்லாம?"

அவள் வெளியே வந்தாள். சந்து முனை வரைக்கும்கூடத் தாங்கவில்லை. சாக்கடையோரம் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து, காலையில் குடித்த டீயிலிருந்து எல்லாவற்றையும் வாந்தியெடுத்தாள். கண்ணில் நீர் கோத்து, முடி அவிழ்ந்து, முந்தானையால் வாயைத் துடைத்தபடி நிமிர்ந்தபோது, மார்க்கெட் பைகளோடு இரண்டு பேர் அவளைத் தாண்டிப் போனார்கள்.

"பாத்தியா. இப்பல்லாம் பொம்பளைங்களும் ஆரம்பிச்சிட்டாங்க."

"பட்டப்பகல்ல. வீட்டுல புள்ளைங்க இருக்கும் பாரு."

அருள்மொழி வாயைத் திறந்தாள். நான் குடிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். யாரிடம்? அவர்கள் அதற்குள் முனை திரும்பிவிட்டார்கள். இன்னும் பத்து நிமிஷத்தில் மேலவீதி வரைக்கும் போய்விடும். ஒரு நிமிஷம்தான் அவள் இப்படி நின்றாள். அவர் இரண்டு வருஷமாக நிற்கிறார்.

* * *

"லிஸ்ட்ல என் பேரும் இருக்குதுன்னீங்களே சார்."

ஸ்ரீதர் தயிர்சாதப் பொட்டலத்திலிருந்து தலையைத் தூக்கினார். "மூணாவது சாட்சியா இருக்குது. எதுக்கு?"

"இப்ப கூண்டுல ஏறுறேன். அந்தப் பொய்யச் சொல்லச் சொன்னது நான்."

வக்கீல் அவளைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாக, வேப்பமரத்தடியில் கருப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்த வைத்திலிங்கத்தைப் பார்த்தார்.

"அவுருகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல சார். தனியாச் சொன்னா திரும்ப ஏதாச்சும் மாத்திச் சொல்லிடுவேன். எனக்கு என்னப் பத்தித் தெரியும்."

ஸ்ரீதர் பொட்டலத்தை மூடினார். கோர்ட் வாசலில் டைப் அடிக்கிறவரிடம் ஒன்றரைப் பக்க வாக்குமூலம் தயாரானது. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் கடைசியில் வரிசையாக, 'இப்படிச் சொன்னால் சரிதானா' என்று கேட்பார், எல்லாவற்றுக்கும் 'சரியல்ல' என்று சொல்லவேண்டும், அதுதான் கோர்ட் வழக்கம் என்று நடந்துகொண்டே மூன்று தடவை பாடம் சொல்லிக்கொடுத்தார். கிளி மாதிரி சொல்லிவிடுங்கள், யோசிக்காதீர்கள் என்றார்.

இரண்டே முக்காலுக்கு அருள்மொழி கூண்டில் நின்றாள். வைத்திலிங்கம் பின்வரிசையில் இருந்தார். மைத்துனன் வராததற்குப் பதிலாக மனைவி ஏறியிருக்கிறாள் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். சடையப்பன் கதவோரம் வந்து நின்றார். வாக்குமூலத்தைப் படித்துப் பதிவு செய்து முடிக்கும்வரை அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

எதிர்த்தரப்பு வக்கீல் நரைத்த புருவத்தை உயர்த்திக்கொண்டு எழுந்தார்.

"உங்க கணவர் பைக்கிலிருந்து விழுந்தார்னு ஆஸ்பத்திரியில சொல்லச் சொன்னது நீங்க?"

"ஆமாங்க."

"யாரு கட்டாயப்படுத்தினாங்க?"

"யாருமில்லீங்க. தம்பிக்கு நிச்சயதார்த்தம் இருந்துச்சி. பார்னு வெளிய தெரிஞ்சா நின்னுடும்னு நெனச்சேன்."

"கணவர் கண்ணைவிட தம்பி நிச்சயதார்த்தம் பெருசு?"

அருள்மொழி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"கண்ணு போயிடும்னு அப்பத் தெரியாதுங்க. தெரிஞ்சப்புறமும் ரெண்டு வருசம் வாயத் தொறக்கல. அதனால நீங்க கேக்கறது நியாயந்தான்."

வக்கீல் இதை எதிர்பார்க்கவில்லை. காகிதத்தைப் புரட்டிவிட்டு வழக்கமான பாதைக்குத் திரும்பினார்.

"நீங்க உண்மையை மறைத்துப் பொய் பேசக்கூடியவர் என்று சொன்னால் சரிதானா?"

ஸ்ரீதரின் உதடு சத்தமில்லாமல் 'சரியல்ல' என்று அசைந்தது.

"சரிதாங்க," என்றாள் அருள்மொழி.

டைப் அடித்துக்கொண்டிருந்த பெண்ணின் கை நின்றது. அந்த இடத்தில் 'சரியல்ல' என்று அவள் முன்கூட்டியே அடித்துவிட்டிருந்தாள். அழித்துவிட்டு நீதிபதியைப் பார்த்தாள். நீதிபதி தலையசைத்தார்.

"அன்றைக்குப் பொய் சொன்ன நீங்க இன்றைக்குச் சொல்வதும் பொய் என்று சொன்னால்?"

"அது சரியில்லீங்க. அன்னிக்குப் பொய் சொன்னதுல எனக்கு லாபம் இருந்துச்சி. இன்னிக்கு இதச் சொன்னா என் தம்பி கல்யாணம் போவும். எங்கம்மா என் வாசப்படி மிதிக்காது. இதோ பின்னால குந்தியிருக்கற மனுசன் என் கையால தண்ணி வாங்கிக் குடிப்பாரான்னு தெரியல. இதுல எனக்கு என்னா லாபம்னு நீங்களே சொல்லுங்க. அவுரு பைக்லேருந்து வுழல. அவுரு குடிக்கல. என் பேச்சக் கேட்டு என் தம்பியக் கூப்புடப் போனாரு."

வக்கீல் மேலும் கேள்வி இல்லை என்று உட்கார்ந்தார். சடையப்பன் நின்ற இடம் காலியாக இருந்தது.

* * *

திரும்பும் பஸ்ஸில் வைத்திலிங்கம் அவளுக்கு முன்னால் நாலு சீட் தள்ளி உட்கார்ந்தார். மஞ்சக்குப்பத்தில் இறங்கி மைதானத்தைச் சுற்றி நடக்கும்போதுதான் வாயைத் திறந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"ரெண்டு வருசமா அந்தப் பயல வாய்க்கு வந்தமாதிரி திட்டியிருக்கேன். நான் திட்டறப்பல்லாம் நீ பக்கத்துல குந்திக்கிட்டு வெங்காயம் உரிச்சிக்கிட்டிருந்த."

அருள்மொழி உரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஒருநாள்கூடக் கை தவறவில்லை.

செய்தி அவர்களுக்கு முன்னால் வடலூர் போய்ச் சேர்ந்திருந்தது. ஏழு மணிக்கு இசைவாணியே போன் செய்தாள்.

"அக்கா, எங்ககிட்ட பைக் இன்சூரன்ஸ் கேஸுன்னு சொன்னீங்களே. அதுவும் நீங்க சொன்னதுதானா?"

"ஆமாம்மா."

"சரிங்கக்கா."

அத்தோடு வைத்துவிட்டாள். மறுநாள் தாம்பாளமும் பட்டும் ஒரு வாடகைக் காரில் வந்து இறங்கின. விருத்தாம்பாள் தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றிய காட்சியைத் தங்கம்மாள் இன்றைக்கும் கேட்டவர்களுக்கு நடித்துக் காட்டுவாள்.

அதற்காகக் கல்யாணம் நின்றுவிடவில்லை. அதே ஆவணி பத்தொன்பது, அதே மண்டபம், அதே மாப்பிள்ளை. பண்ருட்டியில் சடையப்பனின் தங்கை மகளுக்கு வரன் தேடிக்கொண்டிருந்தார்கள்; அவளே மணமகள் ஆனாள். அச்சடித்த பத்திரிகையை வீணாக்குவானேன் என்று மணமகள் பெயர் இருந்த இடத்தில் மட்டும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தார்கள். தெருவில் பாதிப்பேர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அடியில் இசைவாணி தெரிகிறாளா என்று பார்த்தார்கள். தெரிந்தாள். ராஜ்கமல் இப்போது பார் கல்லாவில் உட்காருகிறான். விருத்தாம்பாள் மகனோடு சிதம்பரம் போய், மண்டபத்து மாடியில் குடியிருக்கிறாள். இசைவாணி பி.எட். முடித்துவிட்டு ஓசூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டாள்.

காசிம் பாய் ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பரங்கிப்பேட்டையிலிருந்து நேராக வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"வைத்தி, நான் உன்ன ஒரு வார்த்த கேட்டிருக்கணும். கேக்காம வெளிய அனுப்பிட்டேன். ஸ்டியரிங்கு குடுக்க சட்டம் எடம் குடுக்காது. சிதம்பரம் ஸ்டாண்டுல நம்ம வண்டிங்களுக்கு டைம் பாக்க ஆளு வேணும். உன்ன மாதிரி சுத்தமான ஆளுதான் வேணும்."

தெருவே கேட்கும்படி சொன்னார். வைத்திலிங்கம் அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். ஒன்றாம் தேதி நாலு சட்டையும் கண் மருந்தும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். காலை நாலரை மணி வண்டிக்கு அங்கேயே இருந்தால்தான் சௌகரியம் என்று ஒரு காரணம் சொன்னார். இருபத்திரண்டு வருஷம் அதே நாலரை மணி வண்டியைக் கடலூரிலிருந்து போய்த்தானே எடுத்தார் என்று அருள்மொழி கேட்கவில்லை. கண்ணை எப்படி அலசுவது என்று மட்டும் ஒரு தடவை சொல்லிக்கொடுத்தாள். தெரியும் என்றார்.

முந்தாநாள் ஸ்ரீதர் போன் செய்தார். தீர்ப்புக்குத் தேதி போட்டாகிவிட்டதாம். வைத்திலிங்கம் குடியிருக்கும் விலாசத்தை மனுவில் சரிபார்த்து எழுத வேண்டுமாம்.

"சிதம்பரம்னு எழுதட்டுமா, மஞ்சக்குப்பம்னே இருக்கட்டுமான்னு அவுரக் கேட்டேம்மா. ரெண்டு நாளு டயம் குடுங்க சார்னு சொல்லிட்டாரு."

அந்த இரண்டு நாளில் ஒரு நாள் நேற்றோடு முடிந்துவிட்டது.